எஸ்டேட் லயத்துலேருந்து கம்பத்துக்கு வீடு மாத்துறோம்: மூணு பிள்ளைங்க, கையில 35,000 ரூபாய்

கேள்வி: வண்டிப்பெரியாறு அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கேரளாவுல வண்டிப்பெரியாறு பக்கத்துல ஒரு தேயிலை எஸ்டேட் லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) இருக்கோம். என் மாமியார் முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவங்க. தை மாசத்தோட வேலை முடிஞ்சிருச்சு. வீடு அவங்க பேர்ல கொடுத்தது, அதனால மே கடைசிக்குள்ள காலி பண்ணிக் கொடுக்கணும்னு சொல்லிட்டாங்க. கிராஜுவிட்டி (பணிக்கொடை) அதுக்கு அப்புறந்தானாம். அந்தப் பணத்தை நம்பி இப்ப எதுவும் செய்ய முடியாது. கையில இருக்கறது 35,000 ரூபாய். அதுல 10,000 என் சீட்டுப் பணம்.

வீட்டுக்காரருக்குக் குமுளியில வண்டி ஒர்க்‌ஷாப்ல வேலை. முதல்ல குமுளியிலயே வீடு பார்த்தோம். தேக்கடிக்கு வர்றவங்களுக்கு ரூம் விட்டே பழகின ஊரு, ஒரு ஹால், ஒரு அடுப்படிக்குச் சொல்ற வாடகைக்கு, மலைக்குக் கீழே தமிழ்நாட்டுல இருக்கற கம்பத்துல மொட்டை மாடியோட வீடு கிடைக்கும்னு சொல்றாங்க. அவர் காலைல பஸ் ஏறி மேலே வந்துட்டு ராத்திரி இறங்கிக்கிறேன்னு சொல்றார். அதனால கம்பம், இல்லன்னா கூடலூர், சுருளிப்பட்டி பக்கம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

பிள்ளைங்க மூணு பேர். பெரியவ ஏழு எழுதி முடிச்சிருக்கா. நடுவுல பையன், அஞ்சு முடிச்சான். கடைக்குட்டி இப்பத்தான் ஒண்ணு. மூணு பேரும் இங்க அரசுப் பள்ளியில தமிழ் மீடியம். வீட்டுல தமிழ், விளையாட்டுல மலையாளம், அப்படித்தான் வளர்ந்திருக்குதுங்க. பெரியவ ஒண்ணும் பேசாம இருக்கா, அவ பேசாம இருந்தாத்தான் எனக்குப் பயம். பையன் வரமாட்டேன்னு நேரடியாச் சொல்றான். லயத்துல வளர்ற நாயை விட்டுட்டு வரமாட்டானாம். கீழே வெயில், ஆறு கிடையாதுன்னு வேற எவனோ சொல்லியிருக்கான்.

சாமான்னு பாத்தா ஒரு இரும்பு பீரோ, ரெண்டு இரும்புக் கட்டில், மாமனார் செஞ்சு போட்ட பலாமரக் கட்டில் ஒண்ணு, டிரங்குப் பெட்டி மூணு, கிரைண்டர், டிவி, கேஸ், அண்டா குண்டா, கம்பளி மட்டும் பதினொண்ணு இருக்கு. அஞ்சு கோழி. அடுக்கி வச்ச விறகு ஒரு பக்கம். எதை எடுக்க, எதை விட? வண்டிக்கு எவ்வளவு ஆகும்? ரேஷன் கார்டு, டி.சி., இதெல்லாம் எந்த வரிசையில செய்யணும்? பிள்ளைங்களுக்குப் படிப்பு கெட்டுப் போகாம இருக்கணும், அதுதான் முக்கியம். இந்த வழியா இறங்கி வந்த குடும்பம் யாராவது இருந்தா சொல்லுங்க.

பதில்: கூடலூர் வண்டிக்காரர்

வணக்கம்மா. நான் பதினாலு வருஷமா குமுளி மலையில வண்டி ஓட்டுறேன். வண்டியைப் பத்தி மட்டும் சொல்றேன்.

தனியா வண்டி பேசாதீங்க. கம்பத்துலேருந்தும் தேனியிலேருந்தும் தினமும் விடியக்காலம் காய்கறி ஏத்திட்டு மேலே போற வண்டிங்க, ஏழு எட்டு மணிக்கெல்லாம் இறக்கிட்டு வெறும் வண்டியா இறங்கும். ரிட்டன் லோடு கிடைச்சா டீசல் காசு வந்தாப் போதும்னு நினைப்பாங்க. குட்டி யானைக்குத் தனி வாடகைன்னா 7,000 கேப்பாங்க, ரிட்டன்ல 4,000, 4,500-க்குப் பேசலாம். உங்க சாமானுக்குக் குட்டி யானை பத்தாது. காய்கறி ஏத்துற பொலேரோ பிக்கப் கேளுங்க, ஒரே நடையில முடியும். ரெண்டு நடை அடிச்சா மிச்சம் பிடிச்சது அங்கயே போயிரும்.

பலாமரக் கட்டிலைக் கழட்டும்போது ஒவ்வொரு மூலைக்கும் சாக்பீஸ்ல நம்பர் போடுங்க. பழைய கட்டில் மாட்டும்போது காலு மாறிப் போனா ஆடும். ஆணி, போல்ட்டு எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கட்டில் சட்டத்துலயே கட்டிருங்க. மர சாமான் இருக்கறதால, என்னென்ன ஏத்தியிருக்குன்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, ஆதார் நகலோட கையில வச்சுக்குங்க. செக்போஸ்ட்ல நிறுத்திக் கேட்டா காட்டலாம். குடும்பம் புழங்கின வீட்டு சாமானுக்கு ஜி.எஸ்.டி இ-வே பில் தேவையில்லை, யாராவது அதைச் சொல்லிக் காசு கேட்டா கொடுக்காதீங்க.

கம்பளி பதினொண்ணுன்னு சொன்னீங்களே, அதுதான் உங்க பேக்கிங். டிவி, கிரைண்டர் கல்லு, பீரோக் கண்ணாடி எல்லாத்தையும் கம்பளியில சுத்துங்க. அட்டைப்பெட்டிக்குக் காசு கொடுக்காதீங்க. கேஸ் சிலிண்டரை மட்டும் ஏத்தவே வேண்டாம்.

பிள்ளைங்களைச் சாமான் வண்டியில உக்கார வைக்காதீங்கம்மா. வளைவு வளைவா இறங்கும்போது வெறும் வயிறா இருந்தாலும் வாந்தி, நிறையச் சாப்பிட்டாலும் வாந்தி. பஸ்ல கூட்டிட்டு வாங்க. லோயர் கேம்ப்ல இறங்கி ஒரு டீ குடிச்சிட்டு, பென்னிகுவிக் மணிமண்டபத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு அடுத்த பஸ் ஏறுங்க. தலைசுத்தல் நின்னுரும்.

பதில்: சுருளிப்பட்டி அக்கா

தங்கச்சி, உன் கேள்வியைப் படிச்சதுலேருந்து வேலை ஓடல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஏலப்பாறைப் பக்கம் லயத்துலேருந்து ரெண்டு பிள்ளைகளோட நான் இறங்கி வந்தேன். இப்ப இங்க திராட்சைத் தோட்டத்துல வேலை. நான் பண்ணுன தப்பு எதையும் நீ பண்ணக் கூடாது, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல் தப்பு வீடு பார்த்ததுல. நாங்க ஒரு மார்கழி மாசம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பார்த்தோம். சிலுசிலுன்னு காத்து, வீடு சுத்தமா இருந்துச்சு, வாடகை 2,800 சொன்னாங்க, சந்தோஷமா அட்வான்ஸ் கொடுத்துட்டோம். தகரக் கூரை. பங்குனி பொறந்ததும் தெரிஞ்சுச்சு அது வீடு இல்ல, அடுப்புன்னு. மலையில பொறந்த உடம்பு, ரெண்டு பிள்ளைக்கும் முதுகு பூரா வேர்க்குரு, சின்னவளுக்குக் கட்டி வந்து ஆஸ்பத்திரி, மருந்துன்னு அலைஞ்சோம். நாலே மாசத்துல மறுபடி வீடு மாறினோம். ரெண்டாவது வண்டி வாடகை, ரெண்டாவது அட்வான்ஸ், முதல் அட்வான்ஸ்ல வெள்ளை அடிக்கறதுக்குன்னு பிடிச்சது, எல்லாம் சேர்த்தா 11,000 போச்சு. அதனால சொல்றேன், நீ ஏப்ரல் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வீடு பாரு. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கால் மணி நேரம் உக்காரு. பிள்ளைகளையும் உக்கார வை. கான்கிரீட் கூரையா இருந்தா மேல் மாடி வேண்டாம், கீழ்த்தளம் பாரு. வேப்ப மரம் ஒண்ணு வாசல்ல நின்னா வாடகை இருநூறு கூடக் கொடுக்கலாம், தப்பில்ல.

தண்ணி என்னைக்கு வருது, எத்தனை மணி நேரம் வருது, தொட்டி இருக்கா, இதை வீட்டுக்காரம்மாகிட்ட கேக்காத, பக்கத்து வீட்டுல கேளு. கரண்டுக்கு வீட்டுக்காரங்க தனி மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாக் கொடுக்கறது உன் கைக்கு வருமா, வீட்டுக்காரர் கைக்குப் போகுமான்னு முதல்லயே பேசிக்க. சாவி வாங்கற அன்னைக்கே மீட்டரை போன்ல போட்டோ எடுத்துரு.

உன்கிட்ட யாராவது ஒத்திக்கு வீடு இருக்கு, மொத்தமா ஒரு லட்சம், ரெண்டு லட்சம் கொடுத்தா வாடகையே வேண்டாம்னு சொல்லுவாங்க. கிராஜுவிட்டி வரப் போகுதுன்னு தெரிஞ்சா கண்டிப்பாச் சொல்லுவாங்க. மாமியாரோட முப்பத்தொரு வருஷ உழைப்பை ஊர் பழகறதுக்கு முன்னாடி யார் கையிலயும் கொடுக்காத. ஒரு வருஷம் வாடகையில இரு. மாசம் பிறந்தா வாடகை கஷ்டந்தான், ஆனா அந்தப் பணம் போனா திரும்பாது. கிராஜுவிட்டியைப் பத்தி இன்னொண்ணு: சட்டப்படி கொடுக்க வேண்டிய நாள்லேருந்து 30 நாளுக்குள்ள கொடுக்கணும், தாமதமானா வட்டி உண்டு. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு கணக்கு. யூனியன்காரங்களை வச்சுக் கணக்கைச் சரிபாரு. வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது தேதி போட்டு எழுத்துல ஒரு ரசீது வாங்காம மலையை விட்டு இறங்காத.

இப்பக் காகிதம். நான் இதுலதான் அழுதேன். வர்ற அவசரத்துல ரேஷன் கார்டை அப்படியே கையில எடுத்துட்டு வந்துட்டேன். எங்க கார்டு பிங்க் கார்டு, அங்க அரிசி கிடைச்சுக்கிட்டிருந்தது. இங்க புதுக் கார்டுக்கு எழுதிப் போட்டா, பழைய இடத்துல பேர் நீக்கினதுக்குச் சான்று கொண்டு வாங்கன்னுட்டாங்க. அதுக்காக ரெண்டு பஸ் மாறி நாலு தடவை மேலே ஏறினேன். ஒரு நாள் சர்வர் இல்ல, ஒரு நாள் ஆபீசர் லீவு, ஒரு நாள் மாமனார் பேர்ல எழுத்துப் பிழை. ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. அதனால நீ ஏப்ரல்லயே அக்ஷயா சென்டருக்கு (கேரளாவோட இ-சேவை மையம்) போய்க் கார்டை ஒப்படைக்கிற விண்ணப்பத்தைப் போடு. மே மாச அரிசியை வாங்கிட்டு ஒப்படை. அந்தச் சான்று, வாடகை ஒப்பந்தம், அதை வச்சு ஆதார்ல விலாசம் மாத்தினது, இந்த மூணும் இருந்தா இங்க இ-சேவை மையத்துல ஒரே நாள்ல விண்ணப்பம் போட்டுரலாம். இங்க கார்டு வந்தாத்தான் மத்ததெல்லாம் வரும். மகளிர் உரிமைத் தொகைக்கும் கார்டுதான் அடிப்படை.

கேஸை ஏஜென்சியில ஒப்படைச்சிரு. சிலிண்டர், ரெகுலேட்டர் ரெண்டையும் கொடுத்தா டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து டிரான்ஸ்பர் வவுச்சர் தருவாங்க. அதை இங்க கொடுத்து மறுபடி டெபாசிட் கட்டி எடுத்துக்கலாம். புதுசா அடுப்பு வாங்கச் சொன்னா வாங்காத, உன் அடுப்பே போதும். சிலிண்டர் கைக்கு வர்றதுக்கு நாள் ஆகும். ஒரு வாரத்துக்கு விறகு கட்டி எடுத்துட்டு வா. முழு விறகும் வேண்டாம், ரெண்டு கட்டு. மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டு வா. நம்ம லயத்துல நாளைக்கு ஒரு கல்யாணம், சாவுன்னா அவங்க வீட்டுலதான் போய்ப் படுக்கணும்.

சாமான்ல இரும்புக் கட்டில் ஒண்ணைப் பழைய இரும்புக்குப் போட்டுரு. பிள்ளைகள் வெயிலுக்குத் தரையிலதான் படுக்குதுங்க. பலாமரக் கட்டிலை எடுத்துட்டு வா, மாமியார் அதுல படுத்தாத்தான் அவங்களுக்கு அது வீடு. கம்பளியில நாலு வச்சுக்க, மார்கழிக்கு வேணும், மீதி மேலே யாருக்காவது ஆகும். வித்த காசுல முதல் வேலையா ஒரு சீலிங் ஃபேன் வாங்கு. வேற எதுவும் முதல் மாசம் வாங்காத. நான் பிளாஸ்டிக் சேர், ஷெல்ஃபு, கொசுவலைன்னு வந்த வாரமே வாங்கித் தள்ளிட்டு, ஸ்கூல் திறக்கும்போது கையில ஒண்ணுமில்லாம நின்னேன்.

பிள்ளைகளைப் பத்திச் சொல்லணும். என் மகன் அப்ப நாலாம் வகுப்பு. அழுவான்னு நினைச்சு நாங்க அவன்கிட்ட சொல்லவே இல்ல. பாட்டி ஊருக்குப் போறோம்னு சொல்லி, சாமான் ஏத்துற நேரத்துக்கு அவனை விளையாட அனுப்பிட்டோம். அவன் திரும்பி வந்து பாத்தப்ப வீடு காலி. அவன் சுவத்துல கரியில எழுதி வச்சிருந்த கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் இருந்துச்சு. அதைப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல. கீழே வந்தும் மூணு மாசம் சரியாப் பேசல. அந்தப் பையனுக்கு நாங்க செஞ்சது தப்பு. இப்ப அவன் பத்தாவது போகப் போறான், இன்னும் அதைச் சொல்லும்போது அவன் முகம் மாறுது.

நீ அப்படிப் பண்ணாத. தேதியைச் சொல்லிரு. ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி கொடு, மூணு பெட்டி மூணு பிள்ளை, சரியா இருக்கு. அதுல என்ன வைக்கணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும். உடைஞ்ச பொம்மை, கல்லு, தேயிலைக் கொட்டை, எது வச்சாலும் ஏன்னு கேக்காத. சட்டை துணியை நீ சாக்குல போட்டுக்க. அந்தப் பெட்டிதான் கீழே முதல்ல இறங்கணும்.

நாயை விட்டுட்டு வராத தங்கச்சி. வீடு பேசும்போதே நாய் உண்டுன்னு சொல்லிப் பேசு. மறைச்சு வந்தா அப்புறம் சண்டை. கோழி அஞ்சையும் வித்துரு, குடியிருக்கற தெருவுல கோழியால வர்ற வம்பு பெரிய வம்பு.

சித்திரை, வைகாசிக்குள்ள பால் காய்ச்சிருங்க. ஆனி பொறந்தா மேலே மழை பிடிச்சிரும், மலையில மண்ணு சரிஞ்சா வண்டி நின்னுரும். ஆடியில இங்க எவரும் வீடு கொடுக்க மாட்டாங்க.

பதில்: குமுளி ஒர்க்கர்

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. மாமியாருக்கு பி.எஃப். பென்ஷன் வரும்ல, அதுக்காக மேலே பேங்குக்கு அலைய வேண்டாம். 2025 ஜனவரியிலேருந்து எந்த பேங்க், எந்தக் கிளையில வேணும்னாலும் எடுத்துக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோட இருக்கற சான்று, ஜீவன் பிரமாண், கைரேகை வச்சுப் பதியணும். கொழுந்து எடுத்த கையில ரேகை தேஞ்சிருக்கும், எங்க அம்மாவுக்கு மெஷின் எடுக்கவே இல்ல, முகத்தைக் காட்டிப் பதியற ஆப்ல செஞ்சோம். வீட்டுக்காரர் வண்டி கே.எல். 37 நம்பரா இருந்தா, 12 மாசத்துக்கு மேல தமிழ்நாட்டுல ஓட்டறதா இருந்தா வண்டிப்பெரியாறு ஆர்.டி. ஆபீஸ்ல தடையில்லாச் சான்று வாங்கி உத்தமபாளையத்துல மாத்தணும். அதை இப்பச் செய்ய வேண்டாம், செலவு. தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

பதில்: அரசுப் பள்ளி ஆசிரியர், உத்தமபாளையம் பக்கம்

அம்மா, படிப்புதான் முக்கியம்னு எழுதியிருந்தீங்க, அதுக்காக எழுதறேன். மலையிலேருந்து வந்த பிள்ளைகள் வருஷா வருஷம் என் வகுப்புல இருக்காங்க.

உங்களுக்கு ஒரு நல்ல நேரம் அமைஞ்சிருக்கு. கேரளாவுல மார்ச்சோட பள்ளி முடிஞ்சிருது, இங்க ஏப்ரல்ல கொஞ்ச நாள் பள்ளி நடக்கும். வீடு பாக்க வர்ற அன்னைக்கு மூணு பேரையும் கூட்டிட்டு வந்து பள்ளியைக் காட்டுங்க. பிள்ளைகள் நிறைஞ்ச பள்ளியைப் பாக்கறது வேற, ஜூன்ல பூட்டைத் திறக்கற அன்னைக்கு வந்து நிக்கறது வேற. சேர்க்கை முன்னாடியே ஆரம்பிச்சிரும். தலைமை ஆசிரியர்கிட்ட பேர் கொடுத்துட்டுப் போங்க.

டி.சி. வாங்கும்போது பிள்ளையோட பேர், அப்பா பேர், பிறந்த தேதி மூணும் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு அங்கேயே நின்னு பாருங்க. பென் நம்பர்னு ஒரு எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும், அதையும் எழுதி வாங்குங்க. அந்த எண் இருந்தா இங்க எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட கணினிப் பதிவுல) ஏத்தறது சுலபம். டி.சி. வரத் தாமதமானாலும் பயப்படாதீங்க. எட்டாம் வகுப்பு வரைக்கும், டி.சி. தாமதம்னு சொல்லிச் சேர்க்காம இருக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவு சொல்லுது.

இப்ப முக்கியமான விஷயம். உங்க பையன் ஆறாம் வகுப்புல இங்க சேர்றான். ஆறுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரியில மாசம் 1,000 ரூபாய் கொடுக்கற தமிழ்ப் புதல்வன் திட்டம் எல்லாம். சரியான வருஷத்துல வர்றான். ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா விட்டுப் போயிருக்கும். பெரிய பொண்ணுக்கு ஆறும் ஏழும் அங்க முடிஞ்சதால, பொண்ணுங்களுக்கான அதே மாதிரித் திட்டமான புதுமைப் பெண், 7.5 ஒதுக்கீடு ரெண்டையும் கணக்குல வச்சுத் திட்டம் போடாதீங்க. ஆனா எட்டுலேருந்து பன்னிரண்டு வரை இங்க படிச்சா, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு, இந்த மாநிலத்துக்காரங்கன்னு காட்டற நேட்டிவிட்டி சான்று தனியாக் கேக்கறதில்ல. அதனால அவளும் இந்த ஜூன்லயே சேரணும், பாட்டி வீட்டுல இன்னொரு வருஷம் இருக்கட்டும்னு விடாதீங்க. எட்டாம் வகுப்புல என்.எம்.எம்.எஸ்.னு ஒரு உதவித்தொகைத் தேர்வு இருக்கு. தேறினா ஒன்பதுலேருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். சேர்ந்த முதல் வாரமே வகுப்பாசிரியர்கிட்ட சொல்லி வைங்க.

சின்னவளுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலயே உண்டு, ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும். புத்தகம், சீருடை, பை, செருப்பு வாங்காதீங்க, கிடைக்கும். கூடுதலா வேண்டிய நோட்டுக்கும் பேனாவுக்கும் மட்டும் காசு எடுத்து வைங்க.

சாதிச் சான்றிதழ் விஷயத்தைத் தள்ளிப் போடாதீங்க. பட்டியல் சாதிக்கான சலுகை ஒரு மாநிலத்துலேருந்து இன்னொரு மாநிலத்துக்கு அப்படியே வராது, குடும்பம் 1950-ல எங்க நிரந்தரமா இருந்ததுன்னு பாப்பாங்க. உங்க வீட்டுக்காரரோட தாத்தா எந்த ஊர்லேருந்து மலை ஏறினார்னு மாமியார்கிட்ட கேட்டு, அந்த ஊர்ல நிலப் பத்திரம், பழைய பள்ளிச் சான்று, சொந்தக்காரங்க சான்றிதழ் எது கிடைச்சாலும் தேடுங்க. அவங்க நினைவு நல்லா இருக்கும்போதே உக்காந்து எழுதி வாங்கிருங்க.

பிள்ளைகளோட மலையாளத்தை மறக்க விடாதீங்க. இங்க வந்ததும் அவங்க பேச்சைக் கேட்டு மத்த பிள்ளைகள் சிரிப்பாங்க, ஒரு மாசத்துல உங்க பிள்ளைகளே மலையாளம் தெரியாதுன்னு சொல்ல ஆரம்பிச்சிருவாங்க. அது நடக்க விடாதீங்க. ஏலக்காய், காய்கறி, ஆஸ்பத்திரி எதை எடுத்தாலும் இந்தப் பக்கத்துக்குப் பிழைப்பு மேலே இருக்கு. ரெண்டு எழுத்தும் தெரிஞ்ச பிள்ளைக்கு இங்க வேலை கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்: வண்டிப்பெரியாறு அம்மா

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடுறேன். நேத்து போயிட்டு வந்தோம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அக்கா சொன்ன மாதிரி மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வீடு பார்த்தோம். மூணு வீடு. ரெண்டுல பத்து நிமிஷம்கூட உக்கார முடியல, கடைக்குட்டி எழுந்து வெளிய ஓடிட்டா. மூணாவது சுருளிப்பட்டி ரோட்டுல, பழைய ஓட்டு வீடு, மரப்பலகைத் தட்டு அடிச்சது, பின்னாடி முருங்கை மரம். வாடகை 3,800. அட்வான்ஸ் 20,000 கேட்டாங்க. தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்துல மூணு மாசம்தான்னு எங்க வீட்டுக்காரர் மெதுவாச் சொன்னார். அதுக்கு வீட்டுச் சொந்தக்கார அம்மா கோபப்படல, 15,000 கொடுங்க, ஒப்பந்தம் எழுதித் தர்றேன்னுட்டாங்க. நாய் உண்டுன்னு சொன்னேன். தெருவுல விடாம கட்டிப் போட்டா சரின்னாங்க.

கணக்குப் போட்டுப் பாத்தேன். அட்வான்ஸ் 15,000, முதல் மாச வாடகை 3,800, பிக்கப் வண்டி 4,500, ஃபேன் 1,700. மீதி 10,000 நிக்குது. கேஸ் டெபாசிட்டு, பஸ், ஒப்பந்தப் பத்திரம் எல்லாம் அதுலதான். சீட்டுப் பணம் முழுசாக் கரைஞ்சிராம ஜூனைத் தாண்டணும், அதுதான் இப்ப என் வேண்டுதல். அக்ஷயாவுல விண்ணப்பம் போட்டாச்சு. பழைய இரும்புக்காரர் அடுத்த வாரம் வர்றார்.

பள்ளிக்குப் போனோம். பெரியவளை ஒரு டீச்சர் கூப்பிட்டுத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாங்க. நிறுத்தாம ஒரு பக்கம் வாசிச்சா. டீச்சர் "எங்க படிச்சே?"ன்னு கேட்டதுக்கு எங்க ஸ்கூல் பேரைத் தலை நிமிந்து சொன்னா. வீட்டுக்கு வர்ற பஸ்ல என்கிட்ட என்.எம்.எம்.எஸ். தேர்வு எந்த மாசம்னு கேட்டா. ஒரு மாசத்துல அவளாக் கேட்ட முதல் கேள்வி அது. சார், எந்த மாசம்னு சொல்லுங்க, நான் அவகிட்ட சொல்லணும்.

பையன் போகும்போது முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே வந்தான். லோயர் கேம்ப்ல இறங்கினப்ப மலையிலேருந்து வர்ற அந்தப் பெரிய இரும்புக் குழாய் நாலையும் பாத்துட்டு அது என்னன்னு கேட்டான். தேக்கடித் தண்ணி மலையைக் குடைஞ்சு அந்தக் குழாய் வழியா இறங்குது, கரண்டு எடுத்துட்டு இந்த ஊர் வயலுக்கு ஆறாப் போகுதுன்னு அவங்க அப்பா சொன்னார். "அப்ப நம்ம பெரியாறு தண்ணியா?"ன்னான். ஆமான்னார். அப்புறம் வீடு பாக்கும்போது அந்த அம்மாகிட்ட அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு, இங்கேருந்து ஆத்துக்கு எவ்வளவு தூரம்னு.

மாமியார்தான் இன்னும் சரியாப் பேசல. சாயங்காலம் ஆனா, வேலைக்குப் பேர் கூப்பிடற பெரட்டுக் களத்துப் பக்கம் போய் நின்னுட்டு வர்றாங்க. தாத்தா எந்த ஊர்னு நேத்து ராத்திரி கேட்டேன். சின்னமனூர் பக்கத்துல ஒரு கிராமம்னு ஆரம்பிச்சு, நடந்தே மலை ஏறினது, ஆள் கூட்டிட்டுப் போற கங்காணி முன்பணம் கொடுத்தது, வழியில ஒரு குழந்தை தவறினதுன்னு பன்னிரண்டு மணி வரைக்கும் சொன்னாங்க. பெரியவ நோட்டுல எழுதிக்கிட்டா. இன்னும் பாதிதான் ஆகியிருக்கு, இன்னைக்கு ராத்திரி மீதி.

மே 11-ஆம் தேதி இறங்குறோம். வண்டிக்கார அண்ணே, அன்னைக்குக் காய்கறி வண்டி எத்தனை மணிக்கு வெறுமையாகும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.